வகுப்பில் இருந்த வசந்தா

புகார்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களோடு ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று மேலாளர் என்னைக் கூப்பிட்டார். எந்தப் புகாருக்கு எந்தக் குறியீடு, எத்தனை நாளுக்குள் பதில் என்பதையெல்லாம் கணினியே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடும். அதற்காக ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவளை வரவழைக்க வேண்டியதில்லை. ஆகையால் ஒரே ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். அதில் நான் செய்த ஒரு தவறு இருக்கிறது. சரிதானா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு முடிவும் இருக்கிறது. பெயர்களை மட்டும் மாற்றிச் சொல்கிறேன்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். தையல், அலங்காரம், கணக்கியல், நோயாளிப் பராமரிப்பு என்று தொழில் சொல்லித் தரும் பள்ளிகளுக்கு மாணவர்களின் கட்டணத்தைக் கார்டு வழியாக வாங்கித் தருகிறோம். மாதாமாதம் கட்டுகிறவர்கள் ஒரு படிவத்தில் கார்டு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால், பணம் தானாகப் பிடிக்கப்படும். ஸ்டேட்மென்டில் பள்ளியின் பெயர் வராது. நம் பெயரும் தொலைபேசி எண்ணும்தான் வரும். அதனால் சந்தேகம் வந்தவர்கள் பேங்குக்குப் போவதற்கு முன்னால் நம்மிடம் வந்து நிற்பார்கள்.

வசந்தா அப்படித்தான் வந்தாள். முப்பதை நெருங்கும் வயது. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாசாயில் ஒரு பிளாட்டில் தோழிகளோடு தங்கியிருந்தாள். பிறந்தது காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், அம்மா இன்னும் அங்கேதான் என்றாள். அன்று அவளுக்கு விடுமுறை நாள்.

"மேடம், மூணு மாசமா என் கார்டுல பிடிக்கிறாங்க. நான் எதுலயும் சேரல. போன் நம்பர் மாத்துனதால மெசேஜும் வரல, இப்பதான் பார்த்தேன்."

கணினியில் தேடினேன். பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு பராமரிப்புப் பயிற்சிப் பள்ளி. முதியவர்களையும் படுக்கையில் கிடப்பவர்களையும் பார்த்துக்கொள்வதற்கான வகுப்பு.

"பத்து பாகாட் பக்கம் போனதுண்டா?"

"சின்னப் பிள்ளையா இருக்கறப்ப ஒரு கல்யாணத்துக்குப் போனேன். அவ்வளவுதான் லா."

புகாரை எழுதி வாங்கிக்கொண்டு, பள்ளியிடம் ஆவணங்கள் கேட்டேன். ஒரு வாரத்தில் வந்தன. சேர்க்கைப் படிவம், ஐ.சி. என்கிற அடையாள அட்டையின் நகல், கார்டு எண் எழுதிய படிவம், வருகைப் பதிவேடு, ஒரு புகைப்படம். படத்தைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வசந்தாதான். அதே அகன்ற நெற்றி, அதே கூரான முகவாய், படம் எடுக்கிறவரை நம்பாத அதே பார்வை. வசந்தா என்னிடம் எழுதிக் கொடுத்த புகாரை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். கையெழுத்தும் ஒன்றுதான். கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி மறுபடி மேலே வளைவதுகூட.

இப்படிப்பட்ட கோப்புகள் உங்களுக்கும் நிறைய வரும். ஆர்வத்தில் சேர்ந்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று தோன்றியதும் நான் சேரவே இல்லை என்று சொல்கிறவர்கள் உண்டு. இதுவும் அப்படித்தான் என்று முடிவு கட்டினேன். முகத்துக்கு நேராகச் சொல்லிவிடலாம் என்று வசந்தாவை வரச் சொன்னேன்.

அவள் வெறுங்கையோடு வரவில்லை. தொழிற்சாலையில் விரலை வைத்துப் பதிந்துவிட்டு உள்ளே போகும் இயந்திரத்தின் மூன்று மாதப் பதிவை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தாள். அதையும் பள்ளியின் வருகைப் பதிவேட்டையும் நாள் நாளாக ஒத்துப் பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு ஐம்பதுக்கு அவள் விரல் பாசிர் கூடாங்கில் பதிந்திருந்தது. அதே செவ்வாய் எட்டரைக்கு அவள் கையெழுத்து பத்து பாகாட்டில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் காரில் போனாலும் இரண்டு மணி நேரத் தூரம். புதனும் அப்படி. வியாழனும் அப்படி. விரலைத் திருட முடியாது. முகத்தை எப்படித் திருடுவது?

அந்த நேரத்தில்தான் என் தவறு நடந்தது. வசந்தா எதிரே உட்கார்ந்து, நான் வரவழைத்துக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். படத்தை இன்னும் அவளிடம் காட்டவில்லை. முன்யோசனை இல்லாமல் பள்ளிக்குப் போன் போட்டேன். இரண்டு கையிலும் காகிதம் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தது அலுவலகத்து மலாய்ப் பெண். இந்தப் பெயரில் ஒரு மாணவி இன்னும் வருகிறாரா என்று மலாயில் கேட்டேன்.

"அடா. டாலாம் கெலாஸ் செக்காராங்," என்றாள். இருக்கிறாள், இப்போது வகுப்பில் இருக்கிறாள்.

வசந்தா டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அந்தப் பெண் உதவி செய்யும் ஆர்வத்தில், கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அப்போதாவது நான் போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. ஒரு கதவு திறந்தது. உள்ளே பல பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு யாரோ போனை எடுத்தார்கள்.

"ஹலோ, வசந்தா பேசுறேன்."

என் எதிரே இருந்தவளின் குரல் அது. மூக்கால் லேசாகத் தொட்டுப் பேசும் அதே குரல், முடிக்கும்போது கொஞ்சம் இறங்கும் அதே ராகம். நான் எதிரே இருந்தவளின் வாயைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது.

"ஹலோ? யாரு?"

அந்தப் பக்கம் இருந்தவள் எதையோ உணர்ந்தவள்போல் பேச்சை நிறுத்திவிட்டாள். அறையில் ஏர்கானின் இரைச்சலும் போனில் வந்த மூச்சும்தான். வசந்தா கையை நீட்டி இணைப்பைத் துண்டித்தாள்.

"மேடம், அது நான்தான்," என்றாள்.

"எது?"

"அந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கிறது. நான்தான் சேர்ந்தேன். மறந்துட்டேன்."

"நீங்க இங்க என் முன்னால உட்கார்ந்திருக்கீங்க, வசந்தா."

"தெரியும் மேடம். புகாரை எடுத்துக்கிறேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

புகாரைத் திரும்பப் பெறும் படிவத்தைக் கொடுத்தேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்து மட்டும் மற்ற எதைப்போலவும் இல்லை. எழுத்துகள் தனித்தனியாக, குழந்தை எழுதியதுபோல் கோணிக்கொண்டு கிடந்தன. அவள் போன பிறகு, பாதி டீ இருந்த கோப்பையை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது எங்கள் பிரிவின் தலைவி ஒரு மலாய்ப் பெண்மணி. அதிகம் பேசமாட்டார். படிவத்தைப் பார்த்துவிட்டு, புகார்தாரரே விலகிவிட்டார், கோப்பை மூடு என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தவறாகப் புகார் செய்துவிட்டோமே என்று வருத்தப்பட்டு விலகுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெட்கப்படுவார்கள், மன்னிப்புக் கேட்பார்கள். வசந்தாவிடம் வெட்கமே இல்லை, பயம்தான் இருந்தது. யாராவது அவளை மிரட்டுகிறார்களா என்று எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் கொடுங்கள் என்று கேட்டேன். தலைவி யோசித்தார். ஒருவர் பெயரை இன்னொருவர் திருடியது உறுதியானால் அன்றே பேங்குக்குச் சொல்லியாக வேண்டும், அவர்கள் போலீசுக்குப் போவார்கள், அப்புறம் நாம் ஒன்றும் செய்ய முடியாது, அது ஞாபகம் இருக்கட்டும் என்றார்.

மறுநாள் பத்து பாகாட்டுக்குப் போனேன். பள்ளி ஒரு கடை வரிசையின் மாடியில், டயர் கடைக்கு மேலே இருந்தது. அதை நடத்தும் சீனப் பெண்மணி, கட்டணப் படிவங்களைச் சரிபார்க்க வந்திருப்பதாக நான் சொன்னதும் தானே வகுப்புக்கு அழைத்துப் போனார். கதவைத் திறந்தார்.

ஆறு கட்டில்கள். ஒவ்வொன்றிலும் கழுத்துவரை போர்த்திய ஒரு வயதான உருவம். பயிற்சிக்கு வைத்திருக்கும் பொம்மைகள் என்று அவர் சொல்லும்வரை எனக்குப் புரியவில்லை. சொன்ன பிறகும் உடம்பு கேட்கவில்லை. கண்கள் திறந்தபடி கூரையைப் பார்த்தன. ஊட்டிப் பழகுவதற்காக வாய்களும் கொஞ்சம் திறந்திருந்தன. ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் ஒரு பெயரட்டை. மாணவிகள் துடைத்துக்கொண்டும் தலைவாரிக்கொண்டும் அந்த உருவங்களோடு பேசிக்கொண்டிருந்தார்கள். தொடும்போதெல்லாம் பேச வேண்டும், பதில் வராவிட்டாலும் பேச வேண்டும், அதுவும் பாடத்தில் ஒன்று என்றார் அந்தப் பெண்மணி. போனில் கேட்ட தாழ்ந்த குரல்கள் எவை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கடைசிக் கட்டிலில் ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். "கொஞ்சம் திரும்பிக்குங்க அம்மா. முதுகைத் தொடச்சி விடறேன். தண்ணி சூடா இருந்தா சொல்லுங்க," என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வசந்தா," என்றேன்.

உடனே திரும்பினாள். நேற்று என் எதிரே இருந்த முகம். இவள் கொஞ்சம் மெலிந்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் உடைதானோ என்னவோ.

"வாங்க மேடம்," என்றாள்.

"என்னைத் தெரியுமா?"

"தெரியும் லா. நேத்து உங்க ஆபீசுக்கு வந்தேனே. டீ வாங்கிக் குடுத்தீங்க. சீனி ரொம்ப அதிகம்."

அந்த டீயில் சீனி அதிகம்தான். நானும் அதைக் குடித்திருந்தேன். என் அறையில் அன்று என்னையும் வசந்தாவையும் தவிர வேறு யாரும் இல்லை. நேற்று வந்தது இவள்தானோ, போனில் பேசியதுதான் மற்றவளோ, அல்லது இரண்டு பேர் என்று நான் நினைப்பதே என் கோளாறோ என்று ஒரு கணம் தலை சுற்றியது. முகத்தைப் பார்த்து ஆளை உறுதி செய்கிற வேலையில் அத்தனை வருஷம் இருந்தவள் நான். நேற்று என் முன்னால் உட்கார்ந்தது யார் என்று அந்தக் கணத்தில் என்னால் சத்தியம் செய்ய முடிந்திருக்காது.

பள்ளிப் பெண்மணி பக்கத்திலேயே நின்று, ஏதாவது பிரச்சினையா என்று என்னைக் கேட்டார். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். படிவத்தில் ஒரு சந்தேகம், இவரோடு பத்து நிமிஷம் பேசலாமா என்று மட்டும் கேட்டேன். ஒன்று சொல்லுகிறேன், எழுதிக்கொள்ள வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும். நாலு பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு வரும் பதில் அந்த நாலு பேருக்கான பதில்தான். முதல் நாள் ஸ்பீக்கரில் போட்டு நான் செய்ததை இரண்டாவது நாளும் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம்.

"உங்க பேர் என்ன?" என்றேன்.

"வசந்தா."

"அது அவங்க பேரு. உங்க பேரு?"

மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடையில் டயரைக் கழற்றும் சத்தம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

"வீட்டுல பாப்பான்னு கூப்பிடுவாங்க," என்றாள்.

"வெளியில?"

"வெளியில யாரும் கூப்பிட மாட்டாங்க மேடம்."

பிறகு சொன்னாள். வசந்தாவின் அம்மாவுக்கு ஒரு தங்கை. கல்யாணம் ஆகாமல் தோட்டத்து வீட்டிலேயே பிள்ளை பெற்றாள். பத்து நாள் குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டுப் போனவள் திரும்பவே இல்லை. பிறப்பைப் பதிய யாரும் போகவில்லை. பிறகு போனபோது, பெற்றவள் இல்லாமல், அவளுடைய பத்திரங்கள் இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளிக்கூடம் இல்லை. ஐ.சி. இல்லை. வசந்தா பள்ளியிலிருந்து வந்ததும் அவள் நோட்டைப் பார்த்து எழுதி எழுதித்தான் பாப்பா எழுத்துக் கற்றுக்கொண்டாள். அதனால்தான் இருவருக்கும் ஒரே கையெழுத்து. முகமும் குரலும் அம்மா வழியில் வந்தவை.

பாப்பாவுக்குப் பத்து பாகாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் தரை துடைக்கும் வேலை, தங்குவதும் அங்கேயே. சான்றிதழ் இருந்தால் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை தருவதாக அங்கே சொல்லியிருக்கிறார்கள். தன் அம்மாவுக்கு மருந்து வாங்குவதற்காக வசந்தா எப்போதோ கொடுத்த கார்டு எண் பாப்பாவிடம் இருந்தது. வீட்டில் வசந்தாவின் ஐ.சி. நகலும் இருந்தது. அசல் தொலைந்துவிட்டது என்று பள்ளியில் சொல்லிச் சேர்ந்துவிட்டாள்.

"வசந்தாகிட்ட கேட்டிருக்கலாமே?"

"காசு கேட்டா குடுத்திருப்பா. பேரை எப்படிக் கேக்கறது மேடம்?"

முதல் நாள் இரவே வசந்தா அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாள். யாராவது வந்து கேட்டால் நேற்று ஆபீசுக்குப் போனது நான்தான் என்று சொல்லு என்று, நான் கொடுத்த டீ வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் நான் அலுவலகம் போனபோது வசந்தா வாசலில் நின்றாள். வேலைக்குப் போகவில்லை.

"பாப்பாவைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"போலீஸ்ல குடுத்துடுவீங்களா மேடம்? ஐ.சி. இல்லன்னா அவளை இமிகிரேஷன் கேம்ப்ல போட்டுடுவாங்க. எந்த நாட்டுக்குன்னு அனுப்புவாங்க? அவளுக்குக் காஹாங்கையும் பத்து பாகாட்டையும் விட்டா எதுவும் தெரியாது."

உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தேன். போனில் அந்தக் குரலைக் கேட்டபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

"பயந்துட்டேன். அவ அந்த ஊர்லதான் வேலை பாக்கறா, ஆனாலும் இது அவளா இருக்கும்னு நெனக்கல. அவ குரல் என் குரல் மாதிரின்னு எல்லாரும் சொல்லுவாங்க, பழகிப்போச்சு. ஆனா என் பேரைச் சொல்லி அவ பேசுனதைக் கேட்டப்ப, நான் செத்துப்போய் வேற எங்கயோ இருந்து கேக்கற மாதிரி இருந்துச்சு. அவ மாட்டிக்குவாளேன்னு தோணுனது அப்புறம்தான்." விரல்களைப் பின்னிக்கொண்டாள். "காசு போனா போகட்டும் மேடம். நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆகி எங்கயாவது ஆஸ்பத்திரியில கெடந்து செத்தா, செத்தது வசந்தான்னுதான் எழுதுவாங்க. அப்புறம் நான் யாரு? அவளுக்குன்னு சமாதியில ஒரு கல்லு வெச்சா, அதுலயும் என் பேர்தான் இருக்கும்."

அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

தலைவியிடம் போய் எதையும் மறைக்காமல் சொன்னேன். தனியாக முடிவெடுத்திருந்தால் நான் செய்தது வேறாக இருந்திருக்கும், ஒருவேளை மோசமாகவும் இருந்திருக்கும். அவர் கோப்பை மூடும் நம் படிவத்தைக் கையில் எடுத்து, இது கேட்கிற கேள்வி என்ன என்று என்னிடமே கேட்டார். கார்டுக்குச் சொந்தக்காரர் இந்தக் கட்டணத்துக்குச் சம்மதித்தாரா என்பதுதான் கேள்வி. இப்போது சம்மதிக்கிறார் என்றேன். அதை எழுது என்றார். குடும்பத்தில் ஒருவர் பயன்படுத்தியது, கார்டுதாரருக்குத் தெரியும், ஏற்றுக்கொள்கிறார் என்று எழுதினேன். கேட்டதற்குப் பொய் எழுதவில்லை. கேட்காததை எழுதவும் இல்லை.

ஆனால் சான்றிதழ் விஷயம் மிச்சம் இருந்தது. வேறொருவர் பெயரில் வாங்கிய சான்றிதழோடு அவள் நோயாளிகளின் கட்டிலருகே நிற்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிப் பெண்மணியிடம் நீயே போய்ச் சொல்ல வேண்டும் என்று பாப்பாவிடம் சொன்னேன். வசந்தாவும் கூடப் போனாள். இரண்டு முகங்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்த அந்தப் பெண்மணி முதலில் எழுந்து நின்றுவிட்டாராம். பிறகு கோபப்பட்டார். பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டார். பெயர் இல்லாதவருக்குச் சான்றிதழ் தர வழியில்லை என்றார். ஆனால் போலீசுக்குப் போகவில்லை. மீதி இருந்த வகுப்புகளில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம், கையெழுத்து மட்டும் போட வேண்டாம் என்றார். பாப்பா கடைசி நாள் வரைக்கும் போனாள். பிறகு தரை துடைக்கும் வேலைக்கே திரும்பிப் போனாள்.

உங்களில் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. என் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால் அன்றே பேங்குக்குச் சொல்லியிருப்பார். அவர் செய்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த கோப்பில் நானே அப்படிச் செய்திருக்கிறேன், அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. ஆனால் புகார்தாரர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக அன்று கோப்பை மூடியிருந்தால், இரண்டு பெண்கள் ஒரே பெயரில் வாழ்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் பயந்துகொண்டே இருந்திருப்பார்கள். எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

பிறப்பைப் பதிகிற வேலையை வசந்தா கையில் எடுத்துக்கொண்டாள். இலவசமாக உதவும் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். காஹாங்கில் அந்தப் பிரசவத்தைப் பார்த்த ஒரு அம்மாளைத் தேடிப் பிடித்தார்கள். ஐ.சி. இன்னும் வரவில்லை, எப்போது வரும் என்றும் தெரியவில்லை. முதல் விண்ணப்பம் கொடுக்கப் போன நாளில் நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள், அந்தக் குரலைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

பதிவு அலுவலகத்தின் முகப்பில் இருந்த அதிகாரி படிவத்தைப் பார்த்துவிட்டு, பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கிறதே என்றார். பாப்பா அக்காவைப் பார்த்தாள்.

"என்னைப் பார்க்காத. நீயே சொல்லு," என்றாள் வசந்தா.

என்ன பெயர் வேண்டும் என்று அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்றால், அதிகாரி படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திடீரென்று, ரோட்டைப் பார்த்தபடியே, பாப்பா ஒரு பெயரைச் சொன்னாள். வசந்தா பேனாவைக் கொடுக்க, அவள் தானே எழுதிவிட்டு, மறுபடி எண் வாங்குவதற்காக எங்களுக்கு முன்னால் நடந்தாள்.

வசந்தா பின்னாலிருந்து மெல்ல அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் திரும்பவில்லை, போய்க்கொண்டே இருந்தாள். இரண்டாவது தடவை கூப்பிட்டபோதுதான் நின்றாள்.